தேத்தண்ணி குடித்ததை மறைக்காதீர்கள், தம்பி

சைக்கிள், உடற்பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

கேள்வி: சேர், எனக்கு 46 வயது. வெற்றிலைத் தோட்டம் செய்கிறேன். வெள்ளாப்பில் எழும்பி, கரியரில் வெற்றிலைக் கட்டோடு சந்தைக்குச் சைக்கிளில் போய்வருவது இருபது வருசப் பழக்கம். சைக்கிள் ஓடுபவர்களின் உடல் தகுதியையும், ஓடி முடித்தபின் உடம்பு எப்படித் தேறுகிறது என்பதையும் ஆராய ஒரு பல்கலைக்கழகத்தில் ஆள் தேடுகிறார்களாம். அங்கே படிக்கிற என் மகள், 'நீங்களும் வாங்கோ அப்பா' என்கிறாள். மனுசியோ, 'முகத்தில மூடி போட்டு ரத்தம் எடுப்பாங்களாம், போக வேணாம்' என்கிறா. போகலாமா?
(வெற்றிலைத் தோட்டக்காரர், களுதாவளை)

பதில்: போங்கள் தம்பி. ஆனால் அதற்கு முதல் என் கதையைக் கேளுங்கள்.

சில வருசத்துக்கு முன், 64 வயதில், நானும் இப்படியொரு ஆய்வுக்குப் பெயர் கொடுத்தேன். ஆய்வுக்கு முந்தின நாள் கடும் வேலை கூடாது, ஆய்வன்று காலை தேத்தண்ணி, கோப்பி கூடாது, சாப்பிட்டு இரண்டு மூன்று மணித்தியாலம் போயிருக்க வேண்டும் என்று தாளில் தெளிவாக இருந்தது. நாற்பது வருசம் பிள்ளைகளிடம் 'கேள்வியை இரண்டு தரம் வாசி' என்று கத்தியவன், அந்தத் தாளை ஒரு தரம்கூட ஒழுங்காக வாசிக்கவில்லை. எதிர்க் கச்சானில் உழக்கிக்கொண்டு போனேன். வழியில் இறங்கிச் சாயம் கூட்டி ஒரு பிளேன்டியும் குடித்தேன்.

அங்கே வெள்ளைக் கோட்டுப் பிள்ளை ஒன்று, 'சேர், எப்படி வந்தீங்க?' என்று கேட்டது. 'பஸ்ஸில்தான்' என்றேன். நெஞ்சில் பட்டியைக் கட்டிப் பத்து நிமிடம் கதிரையில் இருத்தி வைத்தது. சும்மா இருக்கையில் அறுபது சொச்சம் அடிக்கும் என் இதயம் அன்று 92. பிள்ளை திரையைப் பார்த்தது. பிறகு என் வலது காலைப் பார்த்தது. செயின் கிறீஸ் படாமலிருக்க மடித்துவிட்ட காற்சட்டை மடிப்பு அப்படியே கிடந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, 'வியாழக்கிழமை வாங்கோ சேர்' என்று அனுப்பிவிட்டது.

அதனால் உங்களுக்கு முதல் புத்தி: அன்றைக்குச் சந்தைக்குப் போகாதீர்கள், சைக்கிளிலும் போகாதீர்கள். தேத்தண்ணி வாயில் பட்டிருந்தால் பட்டது என்று சொல்லுங்கள். களைப்பு எப்படித் தீர்கிறது என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள். ஏற்கெனவே களைத்த உடம்பைக் கொண்டுபோய், 'ஆறுதலாக இருந்தேன்' என்று சொன்னால், பொய்யும் ஓர் இலக்கமாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு அதை யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். ஓடாத சைக்கிள் ஒன்றில் ஏற்றுவார்கள். மிதி அடியில் நிற்கும்போது முழங்கால் இலேசாக மடிந்திருக்கும்படி சீட்டை உயர்த்துவார்கள். மனுசி சொன்ன மூடி, நீங்கள் இழுக்கும் ஒட்சிசனையும் விடும் மூச்சையும் அளக்க; மயக்க மருந்து ஒன்றுமில்லை. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாரம் ஏறும். ஏற்றம் என்றால் நமக்குக் கல்லடிப் பாலம்தான். இந்த மெசினில் பாலம் முடியவே முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். மூடி போட்ட வாயால் கதைக்க ஏலாது என்பதால் 6 தொடக்கம் 20 வரை எழுதிய மட்டையொன்றை நீட்டுவார்கள். 6 என்றால் ஒன்றுமேயில்லை, 20 என்றால் இனி ஒரு மிதியும் ஏலாது. அது ஏன் 6இல் தொடங்குகிறது என்று எனக்கும் புதினமாக இருந்தது. கன்னர் போர்க் என்ற சுவீடன் நாட்டவர் செய்த அளவு அது. காட்டும் இலக்கத்தைப் பத்தால் பெருக்கினால் இதயத்துடிப்புக்குக் கிட்ட வரும் என்று அப்படி வைத்தாராம். நான் 13ஐத் தொட்டுக் காட்டினேன். உண்மையில் 16. பக்கத்தில் பொடியன்கள் நின்றார்கள், வெட்கம். அதையும் நீங்கள் செய்யாதீர்கள்.

இரத்தம் பெரும்பாலும் விரல் நுனியிலோ காது மடலிலோ குத்தி ஒரு துளி. ஊசியால் நரம்பில் எடுக்கும் ஆய்வுகளும் உண்டு. எது, எத்தனை தரம் என்பது தாளில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேளுங்கள்.

உழக்கி நிறுத்திய பிறகுதான் விசயமே. முதல் நிமிடத்தில் துடிப்பு எத்தனை இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு 151இலிருந்து 128க்கு வந்தது. 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கினால் மருத்துவர்கள் யோசிப்பார்கள். சிலரைச் சும்மா இருத்துவார்கள், சிலரை மெதுவாக உழக்கச் சொல்வார்கள். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிய மாதிரித்தான், விருப்பம் கேட்க மாட்டார்கள்.

கையெழுத்து வைக்கும் தாள் தமிழில் இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், ஒழுக்கவியல் குழுவின் அனுமதி பெற்றதா என்று பார்க்க வேண்டும். பாதியில், காரணம் சொல்லாமல், எழும்பி வரலாம். இது அவர்கள் காட்டும் தயவில்லை. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனத்தின் வழிவந்த உரிமை. பிரசர் குளிசை போடுகிறீர்களா, சீனி வருத்தம் உண்டா, நெஞ்சு அடைத்ததுண்டா, குடும்பத்தில் யாரும் இளவயதில் திடீரென்று விழுந்ததுண்டா என்று கேட்பார்கள். ஒன்றையும் விடாமல் சொல்லுங்கள். சில பிரசர் குளிசைகள் இதயத்துடிப்பை ஏறவிடாது. தெரியாவிட்டால் கணக்குப் பிழைக்கும். மனுசியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தால் பயம் போய்விடும்.

கேள்வி: பெண்களையும் சேர்ப்பார்களா? என் சோலும் நீளப் பாவாடையும் பிரச்சினையா?
(மாணவி, ஏறாவூர்)

பதில்: சேர்க்கத்தான் வேண்டும் மகள். மாதச் சுழற்சியால் அளவுகள் மாறும், சிக்கல் என்று சொல்லி நெடுங்காலம் ஆண்களையே அளந்தார்கள். அதனால் உங்கள் உடம்பைப் பற்றி இன்னும் குறைவாகத்தான் தெரியும். கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டால் கூச்சப்படாமல் திகதியைச் சொல்லுங்கள். நெஞ்சுப் பட்டியைக் கட்டப் பெண் ஒருவர் வேண்டும் என்று முதலே சொல்லி வையுங்கள். தொளதொளத்த காற்சட்டை நல்லம். சோலின் நுனியை உள்ளே செருகிவிட்டால் போதும்.

கேள்வி: சனிக்கிழமை எல்லே (மட்டையால் பந்தை அடித்து ஓடும் விளையாட்டு) விளையாடி, ஞாயிறு சைக்கிள் ஓடினேன். திங்கள் படியிறங்க ஏலாது. லாக்டிக் அமிலம் தேங்கியதால்தானே?
(வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: இல்லை. அது ஒரு மணித்தியாலம் அளவில் பழைய நிலைக்கு வந்துவிடும்; திங்கள் வரை காத்திருக்காது. பழக்கமில்லாத வேலையில் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதம்தான் ஒன்று தொடக்கம் மூன்று நாள் வரை வலிக்கும். அதிலும் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்கும்போது, அதாவது ஓடிச் சட்டென்று நிற்கும்போது, சேதம் கூட. சைக்கிளில் அப்படி அதிகம் இல்லை. சைக்கிளை விட்டுவிட்டு எல்லேயைக் கேளுங்கள். வயிறாரச் சோறு சாப்பிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

கேள்வி: ஆய்வில் எல்லாரையும் விட நல்லா உழக்கினால் ஏதும் பரிசு தருவாங்களா சேர்?
(19 வயது, ஆரையம்பதி)

பதில்: பஸ் காசு தந்தார்கள். ஒரு மாலு பணிஸும் ஒரு போத்தல் தண்ணியும் தந்தார்கள். பணிஸ் நல்ல சூடு.