அப்பா தந்த அற்றோர்னித் தத்துவத்தை வங்கி ஏற்கவில்லை

அப்பாவின் நிலையான வைப்பை உடைக்க, அவர் சார்பில் செயற்பட உங்களுக்கு எழுதித் தந்த அதிகாரப் பத்திரத்தை (அற்றோர்னித் தத்துவம்) வங்கி ஏற்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கி சொல்வது சரி. பக்கவாதத்துக்குப் பின் அப்பாவுக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை என்கிறீர்கள். அப்படியானால் 2019இல் அவர் எழுதித் தந்த அற்றோர்னித் தத்துவம் இனிச் செல்லாது. இலங்கைச் சட்டத்தில், தந்தவர் சுயபுத்தியை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். நிலையான வைப்பை உடைக்க நீங்கள் கொடுத்த மருத்துவ அறிக்கையே அவர்களுக்கு இதைக் காட்டியிருக்கும்.

முதலில் வைப்புச் சான்றிதழைப் பாருங்கள். அம்மாவின் பெயரும் இருந்து, இருவரில் ஒருவர் கையொப்பமிடலாம் என்றிருந்தால் அம்மாவே பணத்தைக் கேட்கலாம். இல்லையென்றால் வைத்தியச் சான்றுடன் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, அப்பாவின் சொத்துக்கு முகாமையாளராக நியமனம் பெற வேண்டும். சட்டத்தரணி இல்லாமல் இறங்காதீர்கள்.

உப்புவெளியில் அப்பாவுக்கு உள்ள காணிக்கு அவரின் கைநாட்டை வாங்கி உறுதி (காணிப் பத்திரம்) முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். அது வழக்கில் நிற்காது, சகோதரங்களும் பகையாவார்கள். அவருக்குத் தெளிவு திரும்பினால் கதை வேறு: அன்றே வைத்தியர் பார்த்து எழுதித் தரட்டும், பிறகு நொத்தாரிசை அழையுங்கள்.

அம்மா நலமாக இருக்கும்போதே மரண சாசனம் எழுதட்டும். நொத்தாரிசுடன் 2 சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் 5 பேர் வேண்டும்.