எட்டு வயதில் மறைந்த மதிப்பெண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழைக் குழந்தைகளுக்கான மழலையர் பள்ளி பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்காவின் பெர்ரி பள்ளியை மிகவும் பாராட்டியிருந்தீர்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் ஐ.க்யூ. எனப்படும் அறிவுத்திறன் மதிப்பெண்ணில் வந்த உயர்வு எட்டு வயதிற்குள் மறைந்துவிட்டதாக வேறோர் இடத்தில் படித்தேன். அப்படியானால் அத்தனை உழைப்பும் வீண்தானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் படித்தது உண்மை. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலான்டி நகரில் 1962இல் தொடங்கிய திட்டம் அது. வறிய கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேரைப் பள்ளியில் சேர்த்தார்கள். 65 பேரைச் சேர்க்கவில்லை. ஐந்து வயதில், பள்ளிக்கு வந்தவர்களில் 67 சதவீதம் பேர் ஐ.க்யூ. 90ஐ எட்டியிருந்தார்கள். மற்றவர்களில் 28 சதவீதம்தான். எட்டு வயது வாக்கில் அந்த இடைவெளி இல்லாமல் போனது. அன்றே கணக்கை மூடியிருந்தால் எல்லாரும் உங்கள் முடிவுக்கே வந்திருப்பார்கள்.

திட்டத்தைத் தொடங்கிய டேவிட் வைகார்ட்டும் அவர் குழுவினரும் கணக்கை மூடவில்லை. அந்தப் பிள்ளைகளை நாற்பது வயதுவரை தேடிப்போய் விசாரித்தார்கள். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் பள்ளிக்கு வந்தவர்களில் 36 சதவீதம், வராதவர்களில் 55. பெண்களைப் பாருங்கள்: வந்தவர்களில் 88 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள், வராதவர்களில் 46. இந்த ஒரு கணக்கைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மதிப்பெண் போனபின் எது தங்கியது? அந்த வகுப்பறையைப் பார்த்தால் புரியும். காலையில் இரண்டரை மணி நேரம்தான் பள்ளி. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். இன்று என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். கட்டை அடுக்கப் போகிறேன் என்று சொன்ன குழந்தை அதை அடுக்கிவிட்டு வந்து, என்ன செய்தேன் என்று திரும்பச் சொல்ல வேண்டும். மூன்று வயதில் சொன்னதைச் செய்து முடிக்கும் பழக்கம்! வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே போய், தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ஜேம்ஸ் ஹெக்மன் பிற்பாடு இந்தத் தரவுகளை ஆராய்ந்து, பலனில் பெரும்பங்கு ஐ.க்யூ. வழியாக அல்ல, நடத்தையில் வந்த மாற்றத்தின் வழியாகவே வந்தது என்று காட்டினார்.

123 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை மறைக்க மாட்டேன். டென்னசி மாநில அரசின் மழலையர் வகுப்புகளுக்குப் போன குழந்தைகள் ஆறாம் வகுப்பில், போகாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்று 2022இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் நண்பர்கள் யாராவது அதைக் காட்டி வாதிட்டால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அங்கே ஓர் ஆசிரியரிடம் எத்தனை குழந்தைகள், வாரந்தோறும் வீட்டுக் கதவைத் தட்ட யாராவது போனார்களா?