விசா வந்த பிறகுதான் வேலையே: வெளிநாட்டு வேலை அனுமதி, கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஜெர்மனி பற்றியவை. எந்த நாடானாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: அனுமதிக்கு மனு போடுவது கம்பெனியாக இருக்கலாம், ஆனால் தேதி தவறினால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது நீங்கள்தான். உங்கள் தாள்களை நீங்களே படியுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டில் விசாவும் ஒட்டியாயிற்று. இனி போய்ச் சேர்ந்தால் போதும்தானே?

பதில்: வேலையில் சேரலாம், ஆனால் அதோடு முடியவில்லை. அந்த விசா உள்ளே நுழையவும் ஆரம்ப மாதங்களை ஓட்டவும்தான். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நீங்கள் குடிவந்ததை உறுதி செய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் அதற்கு வேண்டும். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. தற்காலிக அறை எடுக்கும்போதே ‘இந்த முகவரியில் பதியலாமா?’ என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம், தபால் பெட்டியில் உங்கள் பெயரை அன்றைக்கே ஒட்டுங்கள். வரி எண் கடிதமாகத்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வரி எண் கம்பெனிக்குக் கிடைக்காவிட்டால் ஆறாம் வகுப்பு வரி பிடிக்கக்கூடும், இருப்பதிலேயே அதிகமான பிடித்தம் அது. இத்தனையும் முடிந்த பிறகுதான் வெளிநாட்டினர் அலுவலகத்தில் குடியிருப்பு அட்டைக்கான மனு. விசாவின் கடைசித் தேதிக்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

கேள்வி: அங்கேதான் மாட்டிக்கொண்டேன். விசா அடுத்த மாதம் முடிகிறது, அப்பாயின்ட்மென்ட் அதற்கும் மூன்று மாதம் கழித்துத்தான் கிடைத்தது. இடையில் ஊருக்கு ஒரு கல்யாணத்துக்கும் போக வேண்டும்.

பதில்: பயப்படாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் தேதி வேறு, மனு போட்ட தேதி வேறு. உங்கள் நகர அலுவலகத்தின் ஆன்லைன் படிவத்திலோ எழுத்து மூலமாகவோ இன்றே மனு போட்டு, அதற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். விசா முடிவதற்குள் மனு போய்விட்டால், முடிவு வரும்வரை பழைய உரிமை அப்படியே தொடரும், வேலையும் சேர்த்து. அதைக் காட்ட ‘ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற தற்காலிகச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பயணம் போகுமுன் அதில் எந்தக் கட்டம் டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு, 4ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் அதை வைத்துத் திரும்பி நுழைய முடியாது. சான்றிதழ் கைக்கு வராமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள், கல்யாணம் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும்.

கேள்வி: ஜெர்மனியில் பட்டதாரிகளுக்குத் தரும் வேலை அனுமதியான ப்ளூ கார்டுக்கு எவ்வளவு சம்பளம் வேண்டும்?

பதில்: 2025-இல் ஆண்டுக்கு 48,300 யூரோவாக இருந்தது. ஆள் பற்றாக்குறை உள்ள துறைகளுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் அந்த ஆண்டில் 43,759.80 யூரோ. வரம்பு ஆண்டுதோறும் மாறும். அதை ஒட்டி ஆஃபர் வந்தால், மனு போடும் ஆண்டின் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: சிங்கப்பூருக்கு முதலில் டூரிஸ்ட்டாகப் போய் வேலையில் சேர்ந்துவிடு, பெர்மிட்டை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட்.

பதில்: போகாதீர்கள். விசிட் பாஸில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் தண்டனை உங்களுக்கும்தான். முதலில் கம்பெனி மனு போட்டு, கொள்கை அளவிலான அனுமதிக் கடிதம் வர வேண்டும். ‘ஐபிஏ’ என்பார்கள். அதில் எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் ஏஜென்ட் வாயால் சொன்னதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கடிதம் உண்மையா என்பதை மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். இன்னொன்று: வேலை கொடுப்பதற்காக முதலாளி உங்களிடம் பணம் வாங்குவது சிங்கப்பூர் சட்டப்படி குற்றம். நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

கேள்வி: மனைவியும் வேலை செய்யலாமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணைவர் வேலை செய்யலாம், ஜெர்மன் தேர்வுச் சான்றிதழும் முன்கூட்டித் தேவையில்லை. சிங்கப்பூரில் டிபெண்டன்ட் பாஸில், அதாவது குடும்பத்தினருக்கான அனுமதியில் இருப்பவர் சம்பள வேலைக்குப் போக, மே 2021 முதல் பொதுவாகத் தனியாக ஒரு வேலை பாஸ் வாங்க வேண்டும். அவருடைய வேலையும் முக்கியம் என்றால், ஆஃபரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இருவரும் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன், லே ஆஃப் செய்துவிட்டார்கள். எத்தனை நாள் இருக்கிறது?

பதில்: அதிகபட்சம் 60 நாள். எதுவரை தங்கலாம் என்று நாட்டுக்குள் நுழையும்போது தரும் பதிவான ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அந்தத் தேதிவரைதான். வேலை முடிந்த மறுநாளே எண்ணிக்கை தொடங்கிவிடும். வேலையை விட்டு அனுப்பும்போது தரும் செவரன்ஸ் பணம் அதை நீட்டிக்காது. அதனால் கம்பெனியிடம் தொகையை மட்டும் பேசாதீர்கள், வேலைக் கணக்கை முடிக்கும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். புதிய கம்பெனி அந்த நாட்களுக்குள் மனு போட்டாக வேண்டும்.

கேள்வி: துபாயில் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரெசிடென்ஸ் விசா ஒட்டத் தேவை என்கிறார்கள்.

பதில்: ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022-இலேயே பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள், அந்நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடிதான் இப்போது அத்தாட்சி. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் சட்டவிரோதம். முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள், எழுத்தில் இருக்கட்டும். தராவிட்டால் அந்த மின்னஞ்சலோடு தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுங்கள்.