பைரைட்டா, தங்க டெலுரைடா? அடுப்பில் வைக்காமலே கண்டுபிடிக்கலாம்

கனிமக் கற்கள் சேகரிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "காலவெரைட், அதாவது தங்க டெலுரைடு என்று சீட்டு ஒட்டிய கல் ஒன்று கைக்கு வந்தது. பார்த்தால் தங்கம்போல மின்னும் இரும்புக் கனிமமான பைரைட் மாதிரி இருக்கிறது. சூடாக்கினால் தங்கம் வெளியே வரும் என்கிறார்களே, வீட்டில் செய்து பார்க்கலாமா?"

வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. காலவெரைட் 464 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்; காற்றுபட வறுத்தால், அதில் தங்கத்தோடு சேர்ந்திருக்கும் டெலுரியம் என்ற தனிமம் வெண்புகையாகப் போய், கல்லின் மேல் வியர்வை அரும்புவதுபோலத் தங்க முத்துகள் துளிர்க்கும். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் புகை நஞ்சு. கொஞ்சம் உள்ளே போனாலே மூச்சில் பூண்டு நாற்றம் நாள்கணக்கில் விடாது. கல்லும் போச்சு.

முதலில் ஒரு கத்தியை எடுங்கள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் பைரைட் 6க்கு மேல், கத்தி அதில் வழுக்கும். காலவெரைட் 2.5 முதல் 3 வரைதான், சுலபமாகக் கீறும். சரி, கீறினால் சொக்கத் தங்கமாகவும் இருக்கலாமே? ஊசிமுனையால் ஓரத்தை அழுத்துங்கள். தங்கம் குழியும், காலவெரைட் பொடியாக உதிரும். சால்கோபைரைட் என்ற மஞ்சள் நிறச் செம்புக் கனிமமும் கத்திக்குக் கீறும், உதிரவும் செய்யும். அங்கே எடைதான் கைகொடுக்கும். காலவெரைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் 9 மடங்குக்கு மேல், சால்கோபைரைட்டுக்கு 4.2 மடங்கு அளவுதான். ஆனால் கல்லில் லேசான குவார்ட்ஸ் கனிமம் நிறைய ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

தங்கம் இயற்கையில் எதனோடும் எளிதில் சேராது. டெலுரியம் அதற்கு விதிவிலக்கு. பூமிக்கடியில் வெந்நீர் ஏறிவந்த பாறை வெடிப்புகளில் இரண்டும் சேர்ந்து படிகின்றன. கலிபோர்னியாவின் காலவெராஸ் பகுதியில் கிடைத்ததால் 1868இல் இந்தப் பெயர் வந்தது. தூய காலவெரைட்டின் எடையில் 43 சதவீதத்துக்கு மேல் தங்கம், ஆனால் நிறமோ பித்தளை மஞ்சள், சிலசமயம் வெள்ளி வெளுப்பு. ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் இதைப் பைரைட் என்று எண்ணித் தெருப் பள்ளங்களை நிரப்பினார்கள், 1896இல் உண்மை தெரிந்ததும் அதே தெருவைத் தோண்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. அதனால் உங்கள் சந்தேகத்துக்கு வெட்கப்பட வேண்டாம்.

அப்புறமும் உறுதி வேண்டுமென்றால், எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி உள்ள ஆய்வகத்தில் காட்டுங்கள். தங்கமும் டெலுரியமும் இருந்தால், கல்லை உடைக்காமலே சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்கள்.