கேட்டில் மாஸ்க் கேட்கிறார்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: காய்ச்சல் பரவுவதால், பிள்ளைகளை விடவும் கூப்பிடவும் வருகிற பெற்றோர் மாஸ்க் போட்டுத்தான் வரவேண்டும் என்று மகனின் பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. நாள் முழுக்க ஒட்டி உட்காருகிறவர்களை விட்டுவிட்டு, கேட்டில் பத்து நிமிடம் நிற்கிற எங்களைப் பிடிப்பது ஏன்? கொரோனா காலம் மாதிரி அபராதம் போடுவார்களா?
— வாசகி, குன்னூர்

பதில்: சின்னப் பிள்ளைகளை விட்டதற்குக் காரணம் இருக்கிறது. 5 வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு மாஸ்க்கைக் கட்டாயமாக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டன. 2021 ஜூனில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதலும் அதையேதான் சொன்னது. எல்கேஜி பிள்ளை மாஸ்க்கை மெல்லும், பக்கத்துப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளும். தவிர, வகுப்பில் தினமும் அதே முப்பது நாற்பது முகங்கள். கேட்டிலோ எல்லா வகுப்புக் குடும்பங்களும், நெரிசல் பஸ்ஸில் வந்தவரும், மார்க்கெட்டிலிருந்து நேராக வந்தவரும், பேரனைக் கூப்பிட வந்த தாத்தாவும் ஒரே பத்து நிமிடத்தில் சேர்கிறார்கள். ஃப்ளூ வந்தவர், உடம்பு சுடத் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமியைப் பரப்பலாம். அதனால் ‘எனக்குத்தான் ஒன்றுமில்லையே’ என்ற பேச்சு இங்கே எடுபடாது.

ஆனால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. வெயில் அடிக்கிற நாளில், திறந்த வெளியில் தள்ளித் தள்ளி நிற்பவர்களிடையே ஆபத்து குறைவு, காற்று கலைத்துவிடும். மழைக்கு எல்லாரும் கேட்டுப் பக்கத்துத் தகர ஷெட்டுக்குள் ஒதுங்கும்போதுதான் மாஸ்க்குக்கு வேலை. (ஆளுக்கொரு குடை விரித்து வெளியே நின்றால், யாரும் சொல்லாமலே இடைவெளி வந்துவிடும்.) குளிருக்கு வகுப்பு ஜன்னல்களை இறுக்கிச் சாத்திவிட்டுக் கேட்டில் மட்டும் மாஸ்க் கேட்கிற பள்ளி, பாதி வேலையைத்தான் செய்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

அபராதம் வேறு சங்கதி. கொரோனா காலத்தில் வசூலித்தது அரசு: தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம், 1939-இன் கீழ் 2020 செப்டம்பரில் 200 ரூபாய், 2022 ஜனவரியில் 500 ரூபாய். தன் வளாகத்துக்குள் வருகிறவர்களுக்குப் பள்ளி விதி வைக்கலாம். கேட்டுக்கு வெளியே இருக்கும் தெரு பள்ளியுடையது அல்ல. மாஸ்க் மறந்த அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்துவது சரி. அதற்காகப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது சரியில்லை. 50 மாஸ்க் கொண்ட ஒரு பெட்டியை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டால் இந்தத் தகராறே வராது. எந்தத் தேதி வரைக்கும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரைக்கும் என்ற இரண்டும் இல்லாத சுற்றறிக்கை பத்தாம் நாளே செத்துவிடும். எஸ்டேட் பக்கம் சிக்னல் கிடைக்காத வீடுகளுக்கு, கேட்டில் தமிழில் எழுதி ஒட்டுவதுதான் போய்ச் சேரும்.

கேள்வி: இங்கே எல்லாரும் மஃப்ளரும் குரங்குக் குல்லாவும் போட்டுத்தான் வெளியே வருகிறோம். அதையே மூக்குக்கு மேல் இழுத்துவிட்டால் ஆகாதா?
— வாசகர், உதகை

பதில்: ஆகாது. கம்பளிப் பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், கண்ணி கண்ணியாக வெளிச்சம் வரும். தும்மலின் பெரிய துளியைக் கொஞ்சம் தடுக்கும். நுண்துளி அப்படியே போய்விடும். மாஸ்க்கைப் போட்டு அதன் மேல் மஃப்ளரைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் மஃப்ளர், மேலே மாஸ்க் என்று போட்டால் கம்பளியின் தடிமனில் நான்கு பக்கமும் இடைவெளி விழும்.

பத்து நிமிட வேலைக்கு மூன்றடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும். ஒன்றை வெட்டிப் பாருங்கள்: மூன்று அடுக்கு இருக்கவேண்டும், நடுவில் இருப்பது வெள்ளையாக, மெல்லிய பஞ்சுத் தாள் மாதிரி தெரியும். அதுதான் உண்மையான வடிகட்டி. வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்கவேண்டும், ஊறக் கூடாது. நிறமுள்ள பக்கம் வெளியே, மடிப்புகள் கீழ்நோக்கி, கம்பி மூக்கின் மேல். பக்கவாட்டில் காது போல விரிந்தால், இரண்டு எலாஸ்டிக்கையும் மாஸ்க்கின் ஓரத்தை ஒட்டி முடிச்சுப் போட்டு, பிதுங்குகிற மடிப்பை உள்ளே தள்ளிவிடுங்கள். இந்த ஒரு முடிச்சு செய்கிற உதவி கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டில் முதியவரோ கைக்குழந்தையோ இருந்தால் என்-95 வாங்குங்கள். இந்தியத் தரம் என்றால் ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் எஃப்.எஃப்.பி.-2 என்ற எழுத்தும் அச்சாகியிருக்கும். முன்னால் பிளாஸ்டிக் வால்வு வைத்தது வேண்டாம். நீங்கள் விடும் மூச்சை அது வடிகட்டாமல் வெளியே தள்ளும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதார அமைச்சகம் இதைச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது.

கேள்வி: துணி மாஸ்க் துவைத்தால் இரண்டு நாளானாலும் காய்வதில்லை. ஒருவித நாற்றம் வேறு. என்-95-ஐத் துவைக்கலாமா? அடுப்புக்கு மேல் கட்டிக் காயவைக்கலாமா?
— இல்லத்தரசி, கோத்தகிரி

பதில்: மலையில் மாஸ்க்கைக் கெடுப்பது கிருமியைவிட ஈரம்தான். காலை 10–12 டிகிரிக் குளிரில் நாம் விடும் சூடான, ஈரமான மூச்சு துணியில் பட்டவுடனே நீராகப் படிகிறது. வெளியே பனிமூட்டம், தூறல். அரை மணி நேரத்தில் உள்பக்கம் நனைந்துவிடும். இழைகளுக்கு நடுவே தண்ணீர் அடைத்துக்கொண்டால் காற்று துணி வழியாகப் போகாமல், சுலபமான வழியாக ஓரத்து இடைவெளியில் போகும். அப்புறம் அது பெயருக்குத்தான் மாஸ்க்.

எனவே காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. தென்மேற்குப் பருவமழையில் துணி காய இரண்டு நாள் பிடிக்கும் என்று வைத்தால், ஒருவருக்கு மூன்று நாள் கணக்கில் 6 துணி மாஸ்க் வேண்டும். இரண்டு போதும் என்று நினைக்கிறவர்கள்தான் ஈர மாஸ்க்கோடு நிற்பவர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்கி, நன்றாக அலசி, முறுக்காமல் உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்துங்கள். பாதித் தண்ணீர் துண்டுக்கே போய்விடும். பிறகு காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, கடைசி ஈரத்துக்கு இஸ்திரி போடுங்கள், எலாஸ்டிக்கில் படாமல். உதகை உயரத்தில் தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் கிருமி சாகுமா என்று சிலருக்குச் சந்தேகம். சளி, காய்ச்சல் வைரஸ்களுக்கு அந்தச் சூடே தாராளம், ஐந்து நிமிடம் போதும். தினமும் கொதிக்கவைத்தால் எலாஸ்டிக் தொங்கிவிடும் என்பதால் வாரம் ஒரு தரம் செய்யுங்கள். கறுப்புப் புள்ளி விழுந்தாலோ துவைத்த பிறகும் பூஞ்சை நாற்றம் அடித்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

என்-95-ஐத் துவைக்கவே கூடாது. அதன் இழைகளில் நிலைமின்னேற்றம் ஏற்றியிருக்கிறார்கள். துகள்களை இழுத்துப் பிடிப்பது பெரும்பாலும் அதுதான். சோப்பும் சானிடைசரும் பட்டால் அந்த மின்னேற்றம் போய்விடும். பார்வைக்கு மாஸ்க் புதிதாகவே இருக்கும், வடிகட்டாது. அடுப்புக்கு மேல் கட்டுவதும் அதே கதைதான். என்-95-இல் உள்ள ‘என்’ என்ற எழுத்துக்கு, எண்ணெய்த் துளிகளைத் தாங்காதது என்று அர்த்தம். தாளிக்கும் எண்ணெய்ப் புகை அதை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஐந்து மாஸ்க் வாங்கி, காகிதப் பைகளில் திங்கள், செவ்வாய் என்று எழுதி, நாளுக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். அடுத்த முறை வருவதற்குள் அது காய்ந்திருக்கும். பிளாஸ்டிக் கவரில் போட்டால் காயாது. எலாஸ்டிக் தளர்ந்தாலோ மூக்குக் கம்பி நிற்காவிட்டாலோ அதன் ஆயுள் முடிந்தது.

சிலர் அறையைச் சாத்திக்கொண்டு கரி மூட்டித் துணி காயவைக்கிறார்கள். மாஸ்க்குக்காக மட்டுமல்ல, எதற்காகவும் அதைச் செய்யாதீர்கள். மூடிய அறையில் கரி விடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

கேள்வி: கண்ணாடி போடுகிறேன். மகளை ஸ்கூட்டரில் விடும்போது மாஸ்க், ஹெல்மெட், மூடுபனி மூன்றும் சேர்ந்து எதுவுமே தெரிவதில்லை.
— வாசகர், குன்னூர்

பதில்: வண்டி ஓட்டும்போது மாஸ்க் வேண்டாம். உங்களோடு வருவது நீங்கள் ஒரே வீட்டில் இருக்கும் பிள்ளைதான். வழியில் காற்றும் ஏராளம். கொண்டை ஊசி வளைவில் கண் மறைவது ஃப்ளூவைவிடப் பெரிய ஆபத்து. மாஸ்க்கை நெஞ்சுப் பையில் உலர்ந்த காகித உறைக்குள் வைத்து, பள்ளியில் வண்டியை நிறுத்திய பிறகு போடுங்கள். தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டினால் கேட்டுக்குப் போகும்போதே நனைந்திருக்கும்.

நிற்கும்போதும் கண்ணாடியில் ஆவி படிந்தால், மூக்கின் மேல் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். கம்பியை ஒரு விரலால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் நோக்கி அழுத்துங்கள். இரண்டு கைகளையும் மாஸ்க்கின் ஓரத்தைச் சுற்றி வைத்துப் பலமாக ஊதுங்கள். கண்ணில் காற்று பட்டால் மறுபடி அழுத்துங்கள். அப்புறமும் நிற்காவிட்டால் மூக்குத்தண்டின் மேல் மருந்துக்கடையில் விற்கும் மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு ஒட்டலாம்.

கேள்வி: பள்ளி மேட்டில் இருக்கிறது. மாஸ்க்கோடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. உயரமான இடத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மாஸ்க் ஆபத்தா?
— வாசகி, உதகை

பதில்: உதகை 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. மேடு ஏறினால் மாஸ்க் இல்லாமலே மூச்சு வாங்கும். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் வைரஸைவிட மிக மிகச் சின்னவை. துணி அவற்றைத் தடுப்பதில்லை. சிரமம் கொடுப்பது நனைந்த மாஸ்க்தான். ஏறி முடித்து, மூச்சு அடங்கியபின் உலர்ந்ததைப் போடுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முடியாது என்றால் பள்ளியில் சொல்லிக் கூட்டம் கலைந்தபின் போகலாம். அவர்களை வற்புறுத்தக் கூடாது.

கேள்வி: 12 பிள்ளைகளை ஜீப்பில் ஏற்றிப் போகிறேன். பெற்றோருக்கு மாஸ்க் என்றால் எனக்கும் உண்டா? குளிருக்குப் படுதாவை இறக்கிவிட்டுத்தான் ஓட்டவேண்டியிருக்கிறது.
— ஜீப் ஓட்டுநர், கூடலூர் பக்கம்

பதில்: பெற்றோரைவிட உங்களுக்குத்தான் முக்கியம். அவர்கள் பத்து நிமிடம், நீங்கள் முக்கால் மணி நேரம் மூடிய பெட்டிக்குள். கண்ணாடி போடாதவர் என்றால் ஓட்டும்போதும் போடுங்கள். அதைவிட முக்கியம் காற்று. படுதாவை முழுக்க இறக்காமல், முன்னால் உங்கள் பக்கத்துக் கண்ணாடியில் நான்கு விரல் அளவும், அதற்கு எதிர்மூலையில் பின்படுதாவில் நான்கு விரல் அளவும் திறந்து விடுங்கள். குறுக்காகத் திறந்தால்தான் காற்று வண்டி முழுக்க ஓடி வெளியேறும். ஒரே பக்கம் திறந்தால் அந்தப் பக்கத்துப் பிள்ளை நடுங்குவதோடு சரி. ஹீட்டர் உள்ள வேன்களில், உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்துவிட்டு வெளிக்காற்றை எடுக்கவிடுங்கள். முன்கண்ணாடியில் ஆவி படிவதும் அதோடு குறையும்.

கேள்வி: எல்லாரும் மாஸ்க்கில் வந்தால், யார் வந்து பிள்ளையைக் கூப்பிட்டுப் போகிறார்கள் என்று வாட்ச்மேனுக்கு எப்படித் தெரியும்?
— பாட்டி, கோத்தகிரி

பதில்: வந்த கேள்விகளில் மிகக் கூர்மையானது இது. பிள்ளையின் படம், வகுப்பு, கூப்பிட வரக்கூடிய இரண்டு பேரின் படம் ஆகியவை உள்ள அட்டை ஒன்றைப் பள்ளி கொடுக்கவேண்டும். அட்டையைக் காட்டி, ஆறடி தள்ளி நின்று, மாஸ்க்கை ஒரு நொடி இறக்கி முகம் காட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொள்ளலாம். அட்டை மறந்து வருகிற நாளுக்கு, வீட்டாரும் ஆசிரியரும் மட்டும் அறிந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் செல்லப் பெயரை வைக்காதீர்கள், அது தெருவுக்கே தெரியும். ‘மாஸ்க் போட்டிருந்தாலும் முகம் பார்க்காமல் யாரோடும் போகக் கூடாது’ என்று பேத்திக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எனக்குச் சளி, லேசான காய்ச்சல். மாஸ்க் போட்டுக்கொண்டு பிள்ளையை விடப் போகலாமா?
— வாசகர், கூடலூர்

பதில்: வேறு ஆள் இருந்தால் போகாதீர்கள். பாராசிட்டமால் போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றானபின் வெளியே வரலாம். பிள்ளைக்கும் அதே கணக்குதான். காலையில் மாத்திரை கொடுத்து அனுப்பினால், மதியம் பள்ளியிலிருந்து போன் வரும்.

கேள்வி: போட்ட மாஸ்க்கை எங்கே போடுவது? பள்ளிச் சாலை முழுக்கக் கிடக்கிறது.
— வாசகி, உதகை

பதில்: சர்ஜிக்கல் மாஸ்க் பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்தான். காது எலாஸ்டிக்கை வெட்டி, மாஸ்க்கையும் இரண்டாக வெட்டி, காகிதத்தில் சுற்றி 72 மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் தூய்மைப் பணியாளரிடம் உலர் குப்பையாகக் கொடுங்கள். 2020-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன முறை இது. பள்ளி கேட்டில் திறந்த கூடையை வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள்; பத்து நிமிடத்தில் குரங்கு வந்து கிளறி மரத்துக்கு மரம் தொங்கவிட்டுவிடும். மூடி போட்டு, அந்த மூடிக்குக் கொக்கியும் வைத்த தொட்டிதான் இங்கே நிற்கும்.