பச்சை டிக்கை நம்பலாமா?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கணக்குக்கு ஓர் ஆப், அறிவியலுக்குச் சில சிமுலேஷன் தளங்கள் என்று பள்ளியிலேயே ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒரு மணி நேரம் அதில் உட்காருகிறாள். பின்னப் பாடத்தில் ஆப் அவளுக்கு எல்லா நட்சத்திரமும் கொடுத்துவிட்டது. ஆனால் வகுப்புத் தேர்வில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். “ஆப்ல எல்லாம் கரெக்ட்னுதானேம்மா வந்துச்சு” என்று ஒரே அழுகை. அவள் அப்பா, “எல்லாத்தையும் மூடிவெச்சிட்டுப் புத்தகத்தை எடு” என்கிறார். எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. இந்தக் கருவிகளால் உண்மையிலேயே பயன் உண்டா? நான் பக்கத்தில் உட்கார வேண்டுமா? எவ்வளவு நேரம் விடலாம்? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி)

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகள் பொய் சொல்லவில்லை. ஆப்பும் பொய் சொல்லவில்லை. அது கேட்டதற்கு அவள் சரியான கட்டத்தைத் தொட்டாள், பச்சை டிக் விழுந்தது. அவள் மனதில் என்ன ஓடியது என்று அது கேட்கவே இல்லை. பிரச்சினை அங்கேதான்.

இது இன்றைய ஆப்கள் கொண்டுவந்த புது நோயும் இல்லை. 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். கணக்குப் பாடம் சொல்லித் தருபவர்கள் இன்றும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். அமெரிக்காவில் 12 வயதுப் பையன், கட்டுரையில் அவன் பெயர் பென்னி. அவன் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித் தாள்களைச் செய்துகொண்டு போகலாம். 80 சதவீதம் சரியாக இருந்தால் அடுத்த பாடம். கணினி கிடையாது, தாளும் விடைக்குறிப்பும்தான். பென்னி கடகடவென்று முன்னேறிக்கொண்டிருந்தான், நல்ல மாணவன் என்று பெயர். எர்ல்வாங்கர் அவனிடம் உட்கார்ந்து, 2/10 என்பதைத் தசமத்தில் எழுது என்றார். 1.2 என்றான். 5/10? 1.5 என்றான். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டி, நடுவில் ஒரு புள்ளி! 4/11-உம் 11/4-உம் அவனுக்கு ஒன்றுதான், இரண்டுமே 1.5. இந்த விதியை அவன் தயங்காமல் விளக்கினான். விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்றால் அது விடைக்குறிப்பின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு, பொருந்தும் வரை வேறு எண்ணைப் போட்டுப் பார்ப்பானாம்.

உங்கள் மகள் எழுதிய ஐந்தில் இரண்டும் அதே குடும்பம்தான். மேலோடு மேலைக் கூட்டினாள், கீழோடு கீழைக் கூட்டினாள். ஆப்பில் நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும்போது இந்த விதி தெரியாமல் ஒளிந்துகொள்ளும். முதல் தடவை தப்பு என்றால் இரண்டாவதைத் தொடலாம். ‘குறிப்பு’ பொத்தானை நாலு தடவை அழுத்தினால் விடையே வந்துவிடும். பிள்ளைகள் இதில் கெட்டிக்காரர்கள். ரயன் பேக்கர் என்ற ஆய்வாளர் 2004 வாக்கில் கணினிப் பயிற்சி மென்பொருளில் மாணவர்களைக் கவனித்து இதையே எழுதினார்: குறிப்பைச் சொடுக்கிச் சொடுக்கி விடையைக் கறப்பவர்கள், அப்படிச் செய்யாதவர்களைவிடக் குறைவாகவே கற்கிறார்கள். மகள் அப்படிச் செய்தாளா என்று நீங்கள் துப்பறிய வேண்டாம். பின்னால் நின்று ஐந்து நிமிடம் அவள் விரலைப் பாருங்கள். கேள்வியைப் படிக்கும் நேரத்துக்கு முன்பே விரல் இறங்குகிறதா? அது போதும்.

சரி, அப்பா சொல்வதுபோல மூடிவைத்துவிடலாமா? எனக்கு அதில் சம்மதமில்லை. ஏனென்றால் அதே திரையில், புத்தகத்தால் ஒருபோதும் முடியாத சில காரியங்கள் நடக்கின்றன.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மின்கலம், ஒரே மாதிரியான இரண்டு பல்புகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பு. எந்தப் பல்பு அதிகம் எரியும் என்று கேட்டால், “முதல் பல்பு கொஞ்சம் கரண்ட்டை எடுத்துக்கும், மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்” என்று பாதிப் பிள்ளைகளாவது சொல்வார்கள். பெரியவர்களும் சொல்வார்கள். ‘தொடர் சுற்றில் மின்னோட்டம் எங்கும் சமம்’ என்ற வரியைப் பத்துத் தடவை எழுத வைத்தாலும் இந்த நம்பிக்கை அசையாது. பரீட்சைக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்வார்கள். ஆய்வகத்திலும் தொல்லை உண்டு. கம்பி சரியாகத் தொடாது, ஒரு பல்பு ஃபியூஸ் போயிருக்கும், பீரியட் முழுக்க எங்கே விட்டுப்போனது என்று தேடியே தீர்ந்துவிடும்.

‘ஃபெட்’ (PhET) என்று ஒரு தளம் இருக்கிறது. இயற்பியலுக்கு 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், அடுத்த ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம், கணக்குத் தொடங்காமலேயே பயன்படுத்தலாம். அதில் சுற்று அமைக்கும் சிமுலேஷனில் மின்கலத்தையும் கம்பியையும் பல்பையும் இழுத்து வந்து ஒட்டினால், கம்பிக்குள் எலக்ட்ரான்கள் சின்னச் சின்ன நீல உருண்டைகளாக நகர்வது தெரியும். முதல் பல்புக்கு முன்னும் பின்னும் அவை ஒரே வேகத்தில் போகின்றன. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முன்னே வைத்தாலும் இடையே வைத்தாலும் கடைசியில் வைத்தாலும் ஒரே எண். பல்பே இல்லாமல் கம்பியால் மின்கலத்தின் இரு முனைகளையும் சேர்த்தால் தீப்பிடிப்பதுபோல் காட்டும். பிள்ளைகள் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள், செய்யட்டும்.

இதை வெறும் பொம்மை என்று ஒதுக்க முடியாது. அதே பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவினருக்கு நிஜக் கம்பியும் பல்பும், இன்னொரு பிரிவினருக்குச் சிமுலேஷன் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு இருவரையும் நிஜச் சுற்று ஒன்றை அமைத்து விளக்கச் சொன்னார்கள். சிமுலேஷனில் பழகியவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள் என்று 2005-இல் வெளியிட்டார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன்.

ஆனால் இங்கே ஒரு கண்டிஷன் இருக்கிறது. அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நான் ஆசிரியராக இருந்தபோது இந்தச் சிமுலேஷனை முதன்முதலாக வகுப்பில் பெரிய திரையில் போட்டேன். நானே இழுத்தேன், நானே ஒட்டினேன், நானே அம்மீட்டரை வைத்தேன், “பார்த்தீங்களா, சமம்!” என்றேன். எல்லோரும் “ஆமாம் மிஸ்” என்றார்கள். அடுத்த வாரம் அதே கேள்வியைக் கேட்டேன். “முதல் பல்புதான் மிஸ் நல்லா எரியும்.” மவுஸைப் பிடித்தவள் நான், அதனால் கற்றுக்கொண்டவளும் நான் ஒருத்திதான்.

அடுத்த ஆண்டு ஒன்றை மட்டும் மாற்றினேன். திரையைத் தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும்: ‘எது அதிகம் எரியும், ஏன்?’ எழுதிய பிறகு அழிக்கக் கூடாது, தப்பாக இருந்தாலும் திட்டு கிடையாது. அதற்குப் பிறகு மவுஸ் அவர்கள் கையில். இரண்டு பல்பும் ஒரே மாதிரி எரிந்தபோது வகுப்பில் எழுந்த சத்தம் இருக்கிறதே, அது வேறு. தான் சொன்னது பொய்த்துப்போவதைத் தானே பார்த்தால்தான் பிள்ளை திரும்பி யோசிக்கிறது. முன்கூட்டி எதையும் சொல்லாத பிள்ளைக்குத் திரையில் எது நடந்தாலும், “ஆமா, எனக்குத் தெரியும்” என்றுதான் தோன்றும்.

ஆகவே பக்கத்தில் உட்கார வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு: உட்காருங்கள், முழு நேரமும் வேண்டாம். தொடங்கும் முன் ஒரு நிமிடம், “இப்ப என்ன ஆகும்னு நினைக்கிறே? எழுது.” முடித்த பின் இரண்டு நிமிடம், “எப்படித் தெரியும்?” இதற்குக் கணக்கு வர வேண்டியதில்லை. சொல்லப்போனால் வராமல் இருப்பது நல்லது. எனக்கெல்லாம் விடை தெரியும் என்பதால் பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே திருத்திவிடுவேன். நீங்கள் நிஜமாகவே புரியாமல் கேட்பீர்கள், அவள் நிஜமாகவே விளக்க வேண்டியிருக்கும். ஒரு விஷயம், தப்பான விடைக்கு மட்டும் “எப்படி?” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அந்தக் கேள்வியே ‘தப்பு’ என்பதற்கு அடையாளமாகிவிடும். சரியான விடைக்கும் கேளுங்கள். பென்னியிடம் பள்ளியில் யாரும் கேட்காமல் விட்டது அதைத்தான்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மிகச் சின்னது. பிள்ளை எதையாவது மாற்றினால் திரையில் அர்த்தமுள்ள ஏதாவது மாறுகிறதா? காணொளி ஓடிக்கொண்டிருந்தால் அது பாடம் கேட்பது. நல்ல பாடமாகவும் இருக்கலாம், ஆனால் ஊடாடும் கருவி இல்லை. நாணயம், பதக்கம், வாணவேடிக்கை எல்லாம் விடை சொன்ன பிறகு வருபவை. அவற்றைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் வெறும் வினாத்தாள்தான் என்றால், அதை வினாத்தாளுக்கு உரிய மரியாதையோடு நடத்துங்கள், போதும்.

வடிவியலுக்கு ‘ஜியோஜீப்ரா’ இந்த அளவுகோலில் நன்றாகத் தேறும். ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001-இல் மாணவராக இருந்தபோது தொடங்கியது. ஒரு முக்கோணம் போட்டு, மூன்று பக்கங்களின் மையக்குத்துக்கோடுகளையும் (பக்கத்தின் நடுவில் செங்குத்தாக நிற்கும் கோடுகள்) வரையச் சொல்லுங்கள். மூன்றும் ஒரு புள்ளியில் சந்திக்கும். இப்போது ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுக்கட்டும். ஒரு கோணம் பெருகப் பெருக அந்தப் புள்ளி நகர்ந்து, சரியாக 90 பாகை வரும்போது எதிர்ப்பக்கத்தின் நடுவில் போய் உட்காரும். இன்னும் இழுத்தால் முக்கோணத்தைவிட்டே வெளியே போய்விடும். புத்தகத்தில் இது மூன்று தனித்தனிப் படங்கள். இங்கே ஒரே இழுப்பு. ஓர் எச்சரிக்கை: கோணங்களை முழு எண்ணாகக் காட்டும்படி வைத்தால், மூன்றையும் கூட்டும்போது சில சமயம் 179 அல்லது 181 வரும். கணினி தப்புச் செய்யவில்லை, ஒவ்வொரு கோணத்தையும் அருகிலுள்ள முழு எண்ணாக்கிக் காட்டுகிறது. மகள் அதைக் கண்டுபிடித்து உங்களிடம் சண்டைக்கு வந்தால் சந்தோஷப்படுங்கள்.

வரலாறு, மொழி, அறிவியல் சொற்கள் போன்ற நினைவில் நிற்க வேண்டியவற்றுக்கு அட்டைப் பயிற்சிகள் போதும்: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ‘ஆங்கி’ (Anki) போன்ற ஆப்கள் மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டும். இதற்கு ஆய்வுப் பின்புலம் பலமானது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பத்தியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்து, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. அட்டையைத் திருப்பும் முன் விடையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் திருப்பினால் அது மறுபடியும் படிப்பதே.

கேட்டதும் விடை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு உரையாடல்களை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பட்டியலில் சீக்கிரம் வந்துவிடும். குறிப்புப் பொத்தானை நாலு தடவை அழுத்த வேண்டிய சிரமமும் அங்கே இல்லை. வீட்டுப்பாடத்தை அதனிடம் கொடுக்க விடாதீர்கள். அவள் போட்ட கணக்கைக் காட்டி, “எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல், விடை சொல்லாதே” என்று கேட்க வைத்தால் ஓரளவு உதவும். ஆனால் அதுவும் சில நேரம் தப்பான வரியைத் தைரியமாகச் சுட்டும்.

நேரம் பற்றி எனக்குப் பெரிய கொள்கை இல்லை. ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாக்கி, மிச்சத்தில் நோட்டும் பேனாவும் வரட்டும். அப்பாவும் பாதி ஜெயித்த மாதிரி ஆயிற்று.

இப்போது அந்த ஐந்தில் இரண்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அவள் அழுததை நீங்கள் எழுதியிருந்த வரி என்னை விடவில்லை. சரியான விடையை, அதாவது ஆறில் ஐந்தை, இன்றைக்குச் சொல்லித் தர வேண்டாம். பின்னங்களைப் பட்டைகளாகக் காட்டும் எந்தக் கருவியையும் திறந்து, ஒன்றின்கீழ் ஒன்றாக ஒரே நீளத்தில் இரண்டு பட்டைகள் வைக்கச் சொல்லுங்கள். மேல்பட்டையில் அரைப் பகுதிக்கு நிறம், கீழ்ப்பட்டையில் அவள் எழுதிய ஐந்தில் இரண்டுக்கு. நிறமிட்டதில் எது நீளம் என்று திரையில் போடும் முன்பே அவள் நோட்டில் எழுதட்டும். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குட்டை. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், அரையைவிடக் குறைந்துவிட்டதே என்று அவளே திகைப்பாள். அந்த இடத்தில் நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். அவள் அடுத்து என்ன சொல்கிறாள் என்பதை அப்படியே ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள், அதிலிருந்து மேலே பேசுவோம்.