மாட்டை யாரைக் கேட்டு விற்றீர்கள்?

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். ஒப்பரேஷன் முடிந்து தெல்லிப்பளையில் கீமோ நடக்கிறது. முடி கொட்டிவிட்டது. இரண்டு பசு வைத்துப் பால் விற்று எங்களைப் படிப்பித்தவர். இப்போது ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, பசுக்களையும் விற்றுவிட்டோம். தங்கச்சிக்குக் கலியாணம் பேசுவதால் வெளியில் சொல்லவில்லை. அம்மா யாரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். அன்னமுன்னா இலை அவித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? அவருக்குத் தெம்பு தரும் புத்தகம் ஒன்று சொல்வீர்களா?

ஒரு வாசகன், கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

டொக்டரைக் கேட்காமல் எந்த இலையையும் அவித்துக் கொடுக்காதீர்கள். புத்தகமும் வேண்டாம், அம்மா வாசிக்கிறவர் என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது பசுக்களை விற்ற வரியில்தான். யாரைக் கேட்டு விற்றீர்கள்?

சில நாட்களாக என் சின்னம்மாவின் நினைவாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. அவர் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் கச்சான் விற்றவர். கண்டி வீதியில் போகிற வாகனங்கள் அங்கே நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். பஸ் நிற்குமுன்னே சின்னம்மாவின் குரல் ஜன்னலுக்கு வந்துவிடும். மணல் சூடேறியதா என்று தாச்சிக்கு மேல் கையைப் பிடித்தே சொல்லுவார். ஒரு கச்சானை எடுத்துக் கோதை நசுக்கி, பருப்பின் தோல் விரலில் கழன்று வந்தால்தான் இறக்குவார்.

எந்நேரமும் வெற்றிலை வாய். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. முறிகண்டிக்கு அதை யார் வந்து சொன்னார்கள்? கன்னத்தில் வந்த புண் ஆறவேயில்லை. தெல்லிப்பளையில் உங்கள் அம்மா போகிற கட்டடம், 2011இல் தெற்கிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து சேர்த்த காசில் எழுந்தது. சின்னம்மாவுக்கு வருத்தம் வந்தபோது அது இல்லை. கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பிழைத்து வந்தார், பேச்சுத்தான் குழறியது. அதற்குள் மகன்கள் தாச்சியை மருமகளிடம் கொடுத்துவிட்டார்கள். வருத்தக்காரி கையால் யார் வாங்குவார்கள் என்றார்கள். கோப்பை வேறு, பாய் வேறு. ஒட்டாத நோய்க்கு இவ்வளவு ஒதுக்கல். கடைசிப் போரில் செல்லடிக்குள் அந்த மகன்களை இழுத்துக்கொண்டு மாத்தளன் வரை போய் உயிரோடு மீட்டு வந்த மனுஷி, "நான் இனி என்னத்துக்குப் பிள்ளை" என்று என்னிடம் கேட்டார். டொக்டர்கள் எடுத்தது கன்னத்தில் ஒரு துண்டு. மற்றதெல்லாம் வீட்டில் பறிபோனது.

நீங்கள் அன்பில்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் விடிய எழும்பிப் பால் கறந்தவர் இப்போது விடிய எழும்பி என்ன செய்வார்? சுவரைத்தான் பார்ப்பார்.

அவரைச் சாணம் அள்ள விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கீமோ வெள்ளையணுக்களைக் குறைக்கும்; மருந்து ஏற்றி 7 முதல் 14 நாள் வரை பெரும்பாலும் அது மிகக் குறைந்திருக்கும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால், விடியட்டும் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கையால் வாளி தூக்க வேண்டாம். கறப்பதை நீங்கள் செய்யுங்கள். எந்த மாட்டுக்கு எவ்வளவு புண்ணாக்கு, கன்றுக்கு எந்தக் காம்பை விடுவது என்பதை அம்மா சொல்லட்டும். பால் கணக்குக் கொப்பி அவர் கையில் இருக்கட்டும், காசும்தான். இயலாத நாளில் படுக்கட்டும், அதையும் அவரே சொல்லட்டும்.

ஒரு பசுவையாவது திரும்ப வாங்குங்கள். வாங்கியவர் தரமாட்டார் என்றால் வேறொன்றை அம்மாவே பார்த்துத் தெரிவு செய்யட்டும்.

அப்புறம் கலியாணம். சொல்வதா மறைப்பதா என்று அவரைக் கேட்டீர்களா? அவருடைய உடம்பு, அவருடைய மகள். மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று அவரை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கீமோ முடிந்து சில மாதத்தில் முடி வளரும். அதுவரை தலையில் சீலை போடுவதா வேண்டாமா என்பதும் அவர் முடிவு. அவர் விரும்பினால், வாசலில் நின்று சம்பந்திகளை அவரே உள்ளே கூப்பிடட்டும்.

அன்புடன்,
அக்கா